உப்பண்ணையும் ஆராத்தித் தண்ணியும்

அதெல்லாம் ஒரு பயமா, பிள்ளை? நாலு துளி பனி விழுந்ததைக் கண்டுவிட்டு உம்முடைய மனுசன் கார்ச் சாவியை ஆணியில் கொழுவிப்போட்டு மெத்ரோவில் வேலைக்குப் போயிருக்கிறார். அதற்குப் பெயர் பயம் இல்லை, புத்தி. பயம் என்றால் என்னவென்று தெரியவேண்டுமானால் நீர் எங்கள் உப்பண்ணையைக் கண்டிருக்கவேண்டும். பனி றோட்டுக்கு அவரைப்போல் பயந்த ஒரு சாரதி இந்தப் பிரான்ஸ் தேசத்தில் இருந்ததும் இல்லை, இனிமேல் பிறந்து வளர்ந்து வாகனம் ஓட்டப் பெர்மி எடுத்து வரப்போவதும் இல்லை. பயத்துக்கு ஒரு பள்ளிக்கூடம் வைத்தால் அவர்தான் தலைமை வாத்தியார். அப்படிப்பட்டவருடைய கையில்தான் என் பேத்தி கௌசியின் கலியாணமே ஒருநாள் போய் நின்றது. இப்போது நினைத்தாலும் எனக்கு உள்ளங்கால் கூசுகிறது. கதிரையை இழுத்துக்கொண்டு ஹீட்டருக்குப் பக்கத்தில் இரும். முதுகைக் கொடுத்து இரும், அப்போதுதான் சூடு ஏறும்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் என்னவென்று இந்த லாச்சப்பலில், ரூ பெர்தொனேத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. ஒருமுறை தபால்காரன் ஒரு பெயரைச் சொல்லிக்கொண்டு கடை கடையாகத் தேடி வந்தான். "அப்பிடி ஒருத்தர் இஞ்சை இல்லை" என்று எல்லாருக்கும் முந்திச் சொன்னவர் உப்பண்ணைதான். தபால்காரன் போய் மறைந்த பிறகு, "ஐயோ, அது நானெல்லே!" என்று தலையில் கையை வைத்துக்கொண்டு கார் து நோர் ஸ்டேசன் வரைக்கும் ஓடினார். என்னைவிட எவ்வளவோ இளையவர். ஆனாலும் தெரு முழுக்க அண்ணை என்று கூப்பிடும்போது நான் மட்டும் என்ன செய்வது? பின்னால் கதைக்கும்போது உப்பண்ணை, நேரில் கண்டால் தம்பி.

தொழில் வான் ஓட்டுவது. விடியப்புறம் ருன்ஜிஸ் மொத்தச் சந்தைக்குப் போய் முருங்கைக்காய், வாழைக்காய், கத்தரிக்காய் எல்லாம் ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் தெருக் கடைகளுக்கு இறக்குவார். கோடையில் அவர் வான் ஓட்டுவதைப் பார்த்தால் கண் படும். பாட்டுப் பாடிக்கொண்டு ஒற்றைக் கையால் வளைத்து, ஒரு சைக்கிள் நிற்கிற இடத்தில் வானைக் கொண்டுபோய்ச் செருகுவார். தீபாவளி முடிந்து முதல் குளிர்காற்று வீசட்டும், அதே மனிதர் வான் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஏறுவார். இறங்கும்போதும் கும்பிடுவார். இடையில் சிவப்பு லைற் விழுந்தால் அங்கேயும் ஒரு கும்பிடு.

கார்த்திகை பிறந்தால் வானுக்குள் காய்கறியைவிட உப்பு மூட்டைதான் கூடுதலாகக் கிடக்கும். பனி விழுவதற்கு முன்னமே, கடை வாசல், படிக்கட்டு, சந்தி எல்லா இடமும் நெல் விதைப்பதுபோல் உப்பை விசிறிக்கொண்டு போவார். இறந்துபோன என் மனுசனுடைய தமக்கை, எங்கள் பெரிய மச்சாள், இந்தத் தெருவில்தான் சேலைக்கடை வைத்திருந்தா. நல்ல கனத்த உடம்பு, அதைவிடக் கனத்த வாய். அவவுக்கு இது பொறுக்காது.

"எடேய், உப்பு எண்டா லட்சுமியடா! லட்சுமியைக் கொண்டுவந்து றோட்டிலை கொட்டி, ஊர்ச்சனம் எல்லாம் சப்பாத்துக் காலாலை உழக்க விடுறியே, நீ உருப்படுவியே?"

"பெரியக்கா, லட்சுமி கோவிச்சா பேந்து ஒரு நாளைக்கு ஆறுவா. உங்கடை இடுப்பெலும்பு முறிஞ்சா ஆறாது."

அன்று முழுக்க மச்சாள் கடைக்குள் இருந்து வெளியே வரவில்லை. உப்பை மிதிக்கவும் மனமில்லை, இடுப்பை முறிக்கவும் மனமில்லை.

இந்தப் பயம் சும்மா வந்ததில்லை, பிள்ளை. அவர் வான் எடுத்த முதல் மாரியில், அந்த ரூ து ஃபொபூர் சேன்-தெனிச் சரிவில் வான் சறுக்கிவிட்டது. சறுக்கினது என்றால் படத்தில் வருவதுபோல் இல்லை. ஆமை போகிற வேகம். பிரேக்கை மிதிக்க மிதிக்க வான் இன்னும் சந்தோசமாகச் சறுக்கியது. இவர் கண்ணாடியை இறக்கி, இரண்டு கையையும் வெளியே நீட்டி, "விலகுங்கோ! விலகுங்கோ! என்ரை கையிலை ஒண்டும் இல்லை!" என்று தமிழில் கத்திக்கொண்டு வருகிறார். வெள்ளைக்காரச் சனம் பக்கத்தில் நடந்துகொண்டே வேடிக்கை பார்த்தது. ஒரு கிழவி நாய்க்குட்டியையும் பிடித்துக்கொண்டு வானை முந்திக்கொண்டு போனாள். கடைசியில் வான் போய் 'டொக்' என்று ஒரு காரின் பின்பக்கத்தைத் தொட்டு நின்றது. தொட்டது போலீஸ் கார். உள்ளே இரண்டு போலீஸ்காரர் பாண் தின்றுகொண்டிருந்தார்கள்.

உப்பண்ணை இறங்கினார், வழுக்கினார், தரையில் இருந்துவிட்டார். இருந்தபடியே பெர்மியை இரண்டு கையாலும் நீட்டினார். தூக்கிவிட வந்த போலீஸ்காரனும் வழுக்கினான். அவனைப் பிடிக்க வந்தவனும் வழுக்கினான். மூன்று பேரும் ஒருவரை ஒருவர் கட்டிப் பிடித்துக்கொண்டு காவடி ஆடினதைத் தெரு முழுக்கக் கண்டது. போலீஸ்காரர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள். இவருக்குத்தான் அந்த 'டொக்' சத்தம் காதை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு மனிதர் பனி றோட்டைப் படிக்கத் தொடங்கினார். எனக்குப் படிப்பும் இல்லை, வான் ஓட்டவும் தெரியாது. என்றாலும் அவர் சொல்லிச் சொல்லி எனக்கே எல்லாம் பாடம். வெள்ளையாய்க் கிடக்கிற பனிக்குப் பயப்படத் தேவையில்லையாம். கண்ணுக்குத் தெரியாமல் றோட்டில் கண்ணாடி போலப் படிந்து கிடக்கும் பார், வெர்க்லா என்று இவர்கள் சொல்வது, அதுதான் ஆளை விழுத்துமாம். பாலம்தான் முதலில் உறையுமாம். வெறும் வான் சறுக்குமாம், பின்சக்கரச் சில்லுக்கு மேலே பாரம் வேண்டுமாம். அதற்காக மாரி முழுக்க அரிசி மூட்டைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சும்மா ஊர் சுற்றுவார். அந்த அரிசி லூவ்ர் மாளிகையை எத்தனை தரம் பார்த்திருக்கும் தெரியுமா? நான் இன்னும் ஒருதரம்கூடப் பார்க்கவில்லை.

பனியென்றால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறும் காலுறையோடு, மேசோடுதான் ஓட்டுவார். "ஏன் தம்பி?" என்று கேட்டேன். "அக்கா, நித்திரை கொள்ளுற பிள்ளையின்ரை நெஞ்சிலை கை வைக்கிற மாதிரி மிதிக்கவேணும். சப்பாத்துப் போட்டுக்கொண்டு ஆராவது பிள்ளையின்ரை நெஞ்சிலை கை வைப்பினமே?" என்றார். யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் சரிபோலத்தான் இருந்தது.

மேஸ் என்றதும் ஞாபகம் வருகிறது. பனிக்கு வான் சில்லுக்கு மாட்டுகிற துணி உறை ஒன்று விற்கிறார்களே, அதை வாங்கி வந்தார். வானுக்கும் மேஸ். டிவியில் காலநிலைப் படம் செம்மஞ்சளாய் மாறினால் ஆபத்து என்று அர்த்தம். எனக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் நிறம் தெரியுமே, நான்தான் அவருக்குச் செய்தி சொல்கிற ஆள். ஒருநாள் செம்மஞ்சள் என்றேன். மனிதர் சில்லுகளுக்கு மேஸை மாட்டிக்கொண்டு ருன்ஜிசுக்குப் போனார். செம்மஞ்சள் அடித்தது பனிக்கு இல்லையாம், காற்றுக்காம். காய்ந்த றோட்டில் பெரிஃபெரிக் சுற்றுச்சாலையைப் பாதி சுற்றுவதற்குள் மேஸ் எல்லாம் நார் நாராய்க் கிழிந்து, வான் நாலு காலிலும் கந்தல் கட்டின பிச்சைக்காரன் மாதிரித் திரும்பி வந்தது.

எல்லாவற்றையும்விடப் பொல்லாதது மூச்சுச் சட்டம். குளிரில் சனம் வானுக்குள் இருந்தால் கண்ணாடியில் மூச்சு ஆவி படிந்து புகார் பிடிக்கும்தானே. ஒருமுறை கோயிலுக்கு எங்களை ஏற்றிக்கொண்டு போனார்.

"ஆரும் கதைக்கப்படாது. மூச்சையும் கொஞ்சம் குறைச்சு விடுங்கோ."

"விசரே தம்பி உனக்கு? மூச்சை என்னண்டு குறைக்கிறது?"

"அக்கா, நீங்கள் கேள்வி கேட்ட உடனை பாருங்கோ, உங்கடை பக்கம் முழுக்கப் புகார்."

மெய்தான். என் பக்கம் மட்டும் பால் ஊற்றினதுபோல் வெள்ளையாய்க் கிடந்தது. கோயில் வரும்வரைக்கும் நான் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தேன். என் வாழ்நாளில் அம்மனிடம் நான் வைத்த பெரிய நேர்த்தி அதுதான்.

இனிக் கலியாணத்துக்கு வருகிறேன்.

கௌசி தானாகப் பார்த்து விரும்பின பொடியன். நல்ல பிள்ளை, ஜேர்மனியில் வேலை. தாய்க்காரிதான் கொஞ்சம் ஒரு மாதிரி. நாள் பார்த்து முதல் வைத்த கலியாணம் அவர்கள் பக்கத்தில் ஒரு செத்தவீட்டால் தள்ளிப்போனது. இரண்டாம் முறை வைத்தது பொடியனுக்குக் கால் முறிந்ததால் தள்ளிப்போனது. அதன்பிறகு அந்த மனுசி வாயைத் திறந்து சொல்லிவிட்டா: "இனியும் ஒரு தடங்கல் வந்தா, கடவுள் வேண்டாம் எண்டுதான் சொல்லுறார். நான் என்ரை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போயிடுவன்." பொடியன் தாய் சொல்லைத் தட்டாதவன். கௌசி அழுகிற பிள்ளை இல்லை. அன்றைக்கு அழுதாள்.

மூன்றாம் முறை தை மாதத்தில் நாள் வைத்தோம். பகல் முகூர்த்தம். அது தாண்டினால் எமகண்டம். ஐயருக்கும் அதன்பிறகு வேறு ஒரு கலியாணம். மண்டபம் எங்கே? வடக்கே புறநகரில், களஞ்சியங்களுக்கு நடுவில். மெத்ரோ இல்லை, ரயில் இல்லை, பஸ் மட்டும். மாப்பிள்ளை வீட்டார் முதல்நாளே வந்து அங்கே பக்கத்தில் ஹோட்டலில் தங்கிவிட்டார்கள்.

விடிய எழும்பி ஜன்னலைத் திறந்தேன். தெருவைக் காணவில்லை, பிள்ளை. வெள்ளை. கார் எல்லாம் மாவில் புரட்டின பலகாரம் போல நிற்கிறது.

கலியாணப் பொம்பிளைக்கு என்று பூச்சோடித்துப் பிடித்த வாடகைக் கார் வரமாட்டேன் என்று போன் எடுத்தது. பஸ் எல்லாம் நிறுத்தியாச்சு. டாக்ஸி ஒன்றும் அகப்படவில்லை. என் மகனுடைய கார் நிலக்கீழ்த் தரிப்பிடத்தில், ஏறுகிற பாதை முழுக்க உறைந்து கிடக்கிறது. மூன்று தரம் ஏற்றினான், மூன்று தரமும் கார் பின்பக்கமாகவே வீட்டுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் தாய் போனில் ஒரு சொல்லுத்தான் சொன்னா: "பாப்பம்."

மிச்சம் இருந்தது உப்பண்ணை ஒருவர்தான். பக்கத்துக் கட்டடம். போனால், போர்வையைத் தலைவரைக்கும் இழுத்து மூடிக்கொண்டு படுத்திருக்கிறார். வெளியே தெரிந்தது மூக்கு மட்டும்.

"தம்பி, எழும்பு. கௌசியை மண்டபத்துக்குக் கொண்டுபோகவேணும்."

"அக்கா, இண்டைக்கு நான் வீட்டிலை இல்லை."

"அப்ப போர்வைக்குள்ளை கிடக்கிறது ஆர்?"

"என்ரை உடம்புதான் கிடக்கு. தைரியம் நேற்றே போட்டுது. அக்கா, என்னை நம்பிப் பிள்ளையை ஏத்தாதேங்கோ. ஏதும் ஒண்டு நடந்தா நான் உயிரோடை இருக்கமாட்டன்."

நான் கெஞ்சினேன், திட்டினேன், தலையணையைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை. அப்போது கதவு திறந்தது. கௌசி நிற்கிறாள். பட்டுச் சேலை, தலை நிறையப் பூ, காலில் பனிச் சப்பாத்து. அவள் இங்கே பிறந்த பிள்ளை, பாதி பிரெஞ்சில்தான் கதைப்பாள். "தொந்தோன், சில் து ப்ளே" என்றாள். மாமா, தயவுசெய்து என்று அர்த்தம்.

"பிள்ளை, நான் பயந்தாங்கொள்ளியம்மா. லாச்சப்பல் முழுக்கத் தெரியும்."

"தெரியும், தொந்தோன். அதுதான் உங்களட்டை வந்தனான். பயமில்லாத ஆக்கள் எல்லாம் றோட்டிலை குறுக்காலை நிக்கினம்."

போர்வை கொஞ்சம் இறங்கியது. அவர் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எழும்பி இருந்து, அடுப்படியில் நின்ற தன் மனுசியைக் கூப்பிட்டு, "மனுசி, வான் திறப்பு எங்கை?" என்றார்.

இதிலும் ஒரு கூத்து. பனி விழுகிற நாளில் ஆரும் கெஞ்சிக் கேட்டுத் தான் இரங்கிவிடுவார் என்று, வான் சாவியை ஒளித்து வைக்கச் சொல்லி மனுசியிடம் கொடுப்பது அவருடைய வழக்கம். மனுசி ஒளித்து வைத்தாள், எங்கே என்று மறந்துவிட்டாள். கௌசிக்குப் பின்னால் வந்த எங்கள் சொந்தக்காரரும் சேர்ந்து கட்டில், அலுமாரி, சுவாமித்தட்டு எல்லாம் கவிழ்த்தோம். கடைசியில் மிளகாய்த்தூள் டின்னுக்குள் கிடந்தது. அதைத் துடைத்து எடுப்பதற்குள் எல்லாருக்கும் தும்மல். நல்ல காரியத்துக்குப் போகும்போது தும்மினால் நின்று போகவேண்டுமே. ஒன்பது பேர் மாறி மாறித் தும்மினால் எப்போதுதான் போவது? தும்மலைக் கணக்கில் எடுக்காமல் ஓடினோம்.

வான் வெறுமை. உப்புக்கூட அரை மூட்டைதான் மிச்சம். அரிசி மூட்டையெல்லாம் முதல்நாள் கடைகளுக்கு இறக்கியாச்சு, ஞாயிற்றுக்கிழமை, கடை ஒன்றும் திறக்கவில்லை. கோயிலுக்கு ஆள் ஏற்றுகிற கதிரைகளைப் பின்னால் பூட்டிவிட்டு, உப்பண்ணை எங்கள் சொந்தக்காரரை வரிசையாய் நிற்க விட்டு ஏற இறங்கப் பார்த்தார். கலியாண வீட்டில் பொம்பிளையோடு யார் போவது என்பது எவ்வளவு பெரிய விசயம், உமக்குத் தெரியும். மாமி முறை, தோழி முறை என்று எல்லாரும் சண்டைக்குத் தயார். இவர் முறையைப் பார்க்கவில்லை.

"பெரியக்கா, நீங்கள் ஏறுங்கோ. பின்சில்லுக்கு நேர் மேலை."

மச்சாளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தியளே, பெரியாக்களுக்குக் குடுக்கிற மரியாதையை!"

"நீங்களும் வாங்கோ, அண்ணை. நீங்கள் மற்றச் சில்லு. அந்த மெல்லிய தங்கச்சி இறங்கட்டும், அவ ஏறி ஒரு பிரயோசனமும் இல்லை."

அப்போதுதான் மச்சாளுக்கு விளங்கியது. "எடேய்! என்னை அரிசி மூட்டைக்குப் பதிலாவே ஏத்துறாய்?"

"ஓம் பெரியக்கா. நீங்கள் இல்லாட்டி இண்டைக்கு வான் போகாது."

அதற்கு அவ கோபிப்பதா பெருமைப்படுவதா என்று தெரியாமல், மூச்சு வாங்கிக்கொண்டு இருந்தா.

ஆனால் பிள்ளை, இந்த ஏறு இறங்கு சண்டை நடப்பதற்கு முன்னமே ஒரு காரியம் நடந்து முடிந்திருந்தது. உப்பண்ணை பின்னால் கதிரை பூட்டுகிற நேரம், மச்சாள் முன்னால் வந்து பொம்பிளைக்கு ஆராத்தி எடுத்து, அந்தச் சிவப்புத் தண்ணியைச் சில்லடியில் ஊற்றினா. ஒரு தட்டு இல்லை, இரண்டு கலியாணம் தட்டுப்பட்ட கண்ணூறு என்று ஒரு வாளி. நாலு சில்லுக்கும் கீழே நாலு தேசிக்காய். என் மகன் சிதறு தேங்காய் அடித்தான், அந்த இளநீரும் றோட்டில்தான். ஊரில் இதெல்லாம் வெயிலில் ஒரு நிமிசத்தில் காய்ந்துவிடும். இங்கே உறைந்துவிட்டது.

உப்பண்ணை சப்பாத்தைக் கழற்றினார். கும்பிட்டார். வானை எடுத்தார். சில்லு சுழலுகிறது, வான் நிற்கிறது. தேசிக்காய் நசிந்து புளி மணம் வருகிறது. இன்னும் கொஞ்சம் மிதித்தார். வான் முன்னுக்குப் போகாமல், வெட்கப்பட்ட பொம்பிளை மாதிரி ஒரு பக்கமாய் ஒதுங்கியது.

இறங்கிக் குனிந்து பார்த்தார். சில்லுக்குக் கீழே சிவப்புக் கண்ணாடி. அதற்குள் தேசிக்காய்த் தோலும் தேங்காய்ச் சொட்டும் பதிந்து, சர்பத் உறைந்த மாதிரிக் கிடக்கிறது.

"என்னத்தை ஊத்தினீங்கள்?"

"ஆராத்தி" என்றா மச்சாள், வானுக்குள் இருந்து.

"வெர்க்லா நான் எத்தினையோ கண்டிட்டன். மஞ்சள் குங்குமத்தோடை இண்டைக்குத்தான் காணுறன்." அப்படியே பனியில் குந்திவிட்டார்.

மிச்சம் இருந்த அரை மூட்டை உப்பையும் கொட்டினார். உப்பு வேலை செய்ய நேரம் வேண்டும். எங்களிடம் இல்லாதது அதுதான். ஐயர் போன் எடுத்து எங்கே நிற்கிறீர்கள் என்கிறார், மாப்பிள்ளைத் தோழனும் எடுத்துக் கேட்கிறான். மாப்பிள்ளையின் தாய் மட்டும் எடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயம். கௌசி முன் கதிரையில் கண்ணை மூடிக்கொண்டு இருக்கிறாள். பூவில் இருந்து தண்ணி சொட்டுகிறது, துடைக்கவும் இல்லை.

"சில்லு பிடிக்கிறதுக்குத் துணி வேணும். தடிச்ச துணி" என்றார் உப்பண்ணை.

எல்லாரும் மச்சாளைப் பார்த்தோம். அவ போட்டிருந்தது முழங்காலுக்குக் கீழே தொங்குகிற கம்பளிக் கோட். புதிது. அதைக் காட்டுவதற்காகவே அவ கலியாணத்துக்கு வந்தா என்று சொன்னாலும் பிழையில்லை. மச்சாள் பொத்தானில் கையை வைத்தா. கோட்டைக் கழற்றி ஜன்னலால் நீட்டினா. "கௌசிக்குத்தானே. போடு" என்றா. நான் அவவோடு எத்தனை வருசமாய்ச் சண்டை பிடித்திருப்பேன்! அந்த ஒரு சொல்லுக்கு எல்லாம் சரி.

சில்லு கோட்டைக் கவ்வியது. வான் ஒரு உதறு உதறிவிட்டுக் கிளம்பியது.

அதற்குப் பிறகு ஒருவரும் கதைக்கவில்லை. அவர் சொல்லவும் தேவையில்லை, மூச்சைத் தானாகவே குறைத்துக்கொண்டோம். மனிதர் நிற்கிறதே இல்லை. நின்றால் திரும்ப எடுக்க ஏலாது என்று, தூரத்தில் சிவப்பு விழுந்ததைக் கண்டவுடனேயே வேகத்தைக் குறைத்து, உருட்டி உருட்டி, பச்சை விழுகிற நேரத்துக்குச் சரியாய்ப் போய்ச் சேருவார். இரண்டு பக்கமும் கார்கள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கின்றன. பெரிய பெரிய கார்கள். ஒருவன் நடுத்தெருவில் இறங்கி நின்று தன் காரைத் தானே திட்டிக்கொண்டிருந்தான். எங்கள் முருங்கைக்காய் வான் அவனைக் கடந்து போனது.

பாலம் வந்தது. ரயில் பாதைக்கு மேலாகப் போகிற பாலம். ஏறி இறங்குகிற இடத்தில் ஒரு நீட்டுப் பஸ் குறுக்காகக் கிடக்கிறது. ஆட்கள் இல்லை, விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஓரத்தில் ஒரு வான் போகிற அளவுக்குத்தான் வழி. இறங்கத் தொடங்கினோம். வான் நேரே போகவில்லை. பின்பக்கம் மெதுவாய்த் திரும்புகிறது. பஸ்சின் பக்கம் பெரிதாய், இன்னும் பெரிதாய் வருகிறது. மச்சாள் என் கையைப் பிடித்தா. நான் கௌசியின் தோளைப் பிடித்தேன். யாரோ பின்னால் முருகா என்று தொடங்கி, மூச்சுச் சட்டம் ஞாபகம் வந்து பாதியில் நிறுத்தினார்கள்.

உப்பண்ணை பிரேக்கைத் தொடவில்லை. காலை எடுத்துவிட்டார். வான் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங் வளையத்தைத் திருப்பி, "பொறடியம்மா, பொறடி, அவசரப்படாதை, பிள்ளை இருக்கிறாள்" என்று வானோடு கதைத்தார். அவ்வளவு மெல்லமாய் அந்த மனிதர் கதைத்து நான் கேட்டதே இல்லை. பஸ்சின் கண்ணாடியில் எங்கள் எல்லாருடைய முகமும் தெரிந்தது. நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன், நல்லாய்த் தெரிந்தது. பிறகு வான் ஒரு குலுக்குக் குலுக்கி நேரே திரும்பியது. பஸ் பின்னுக்குப் போய்விட்டது.

வான் முழுக்கப் புகார் பிடித்தது. எல்லாரும் ஒரேயடியாய் மூச்சு விட்டுவிட்டோம்.

மண்டபத்து வாசலில் மாப்பிள்ளையின் தாய் நிற்கிறா, பெட்டியும் பக்கத்தில். மெய்யாகவே பெட்டியோடுதான் நின்றா, பிள்ளை. கௌசி இறங்கி, சேலையைத் தூக்கிக்கொண்டு பனிச் சப்பாத்தோடு ஓடினாள். அந்த மனுசி ஒரு நிமிசம் அந்தச் சப்பாத்தைப் பார்த்தா, வானைப் பார்த்தா, கோட் இல்லாமல் நடுங்கிக்கொண்டு இறங்குகிற மச்சாளைப் பார்த்தா. "உந்தப் பனிக்குள்ளையே வந்தனியள்?" என்றா. பிறகு பெட்டியைத் தானே உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டா. மேளம் தொடங்கிவிட்டது. நாங்கள் எல்லாரும் விழுந்தடித்து உள்ளே ஓடினோம். முகூர்த்தத்துக்குள் தாலி ஏறியது.

அட்சதை போட்டு, அழுது, மூக்கைத் துடைத்து, பந்தி தொடங்குகிற நேரம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. உப்பண்ணை எங்கே? பந்தியில் இல்லை, படம் எடுக்கிற இடத்திலும் இல்லை. ஆருக்கும் தெரியாது. வெளியே வந்து பார்த்தேன். வான் அதே இடத்தில். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கிறது. மனிதர் வளையத்தை இரண்டு கையாலும் பிடித்தபடி, நேரே பார்த்துக்கொண்டு இருக்கிறார். மேசோடு கால்.

கண்ணாடியைத் தட்டினேன். திரும்பாமலே கேட்டார்.

"அக்கா, தாலி ஏறீட்டுதோ?"

"ஏறீட்டுது தம்பி. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. வா, சாப்பிடுவம்."

"மெய்யாவே?"

"மெய்யாத்தான்."

"அப்ப நான் இனிப் பயப்பிடலாம்" என்றார்.

அப்போது பிடித்தது பார் ஒரு நடுக்கம். வானே சேர்ந்து நடுங்கியது. விரல் வளையத்தை விடமாட்டேன் என்கிறது. நான் உள்ளே ஏறி, ஒவ்வொரு விரலாய்ப் பிடித்து எடுத்தேன். ஐஸ்கட்டி. என் சேலைத் தலைப்புக்குள் வைத்துத் தேய்த்துவிட்டேன். வெளியில் தட்டில் சோறு கொண்டுவந்து குழைத்து வாயில் வைத்தேன். அழுதுகொண்டே தின்றார். "உப்புக் கொஞ்சம் காணாது அக்கா" என்றார். அடித்தே விட்டேன் முதுகில்.

திரும்பிப் போக வானை எடுக்கமாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். பனி கரையும்வரைக்கும் வான் மண்டபத்து வாசலிலேயே நின்றது. ரூ பெர்தொனேக் கடைக்காரர் எல்லாரும் முருங்கைக்காய் இல்லையென்று அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அவர் கேட்டால்தானே.

இப்போது இங்கே இல்லை. மகள் தெற்கே கடற்கரைப் பக்கம் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். பனி என்றால் குளிர்சாதனப் பெட்டிக்குள் மட்டும் காணலாமாம், அப்படி ஒரு ஊர். பயப்பட ஒன்றுமில்லாமல் மனிதர் மெலிந்துபோனார் என்று மனுசி சொன்னாள். அதனால் எங்களுக்காகப் பயப்படுகிறார். பாரிசில் பனி விழுந்தால் நான் ஜன்னலைத் திறந்து பார்க்கத் தேவையில்லை, போன் அடிக்கும். "அக்கா, கீழை இறங்காதேங்கோ. கௌசியையும் காரை எடுக்கவேண்டாம் எண்டு சொல்லுங்கோ." நான் நல்லாய்த் திட்டுவேன், "நான் என்ன பச்சைப்பிள்ளையே?" என்று. திட்டிவிட்டு, அன்றைக்கு முழுக்கப் படி இறங்கமாட்டேன்.

இன்றைக்கு விடியத் தொடங்கின பனி இது. இன்னும் போன் வரவில்லை. நித்திரையாய் இருப்பார், என்ன? இல்லாவிட்டால் மகள் எங்கேயும் வெளியில் கூட்டிக்கொண்டு போயிருப்பாள். அங்கே எல்லாம் நேரத்துக்கு எழும்பமாட்டார்கள். நீர் என்ன நினைக்கிறீர்? நானாகப் போன் எடுத்துக் கூப்பிட்டால், பயந்துவிடுவார். அதுதான் எடுக்காமல் இருக்கிறேன்.

ஐயோ பிள்ளை, மணக்குது! பருப்பு அடிப்பிடிக்குது! நான் ஓடிப்போய் இறக்கிவிட்டு வருகிறேன், நீர் இந்தப் போனைக் கையில் வைத்திரும். உப்பண்ணை கூப்பிட்டால், நான் வரும்வரைக்கும் வைக்க விடாதேயும்.